பலகையில் பச்சைதான் எரிந்தது

என் பிரியத்துக்குரிய தவசி மச்சானுக்கு,

நீ இருக்கும் இடத்துக்குத் தபால் போகுமா என்று தெரியவில்லை. போனாலும் நடுவில் யாராவது பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்று நினைப்பேன். என் புத்தி உனக்குத் தெரியாததா? அதனால் இந்தத் தடவை நானே எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உன் தங்கச்சி செல்வியும் அப்படித்தான் எழுதச் சொன்னாள். ஏன் சொன்னாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஊர்ச் சேதி. போடியில் மூன்று நாளாக மழை. மெட்டுக்கு ஏறும் மலை ரோட்டில் ஒரு வளைவில் மண் சரிந்து, எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் நின்று நின்றுதான் போகின்றன. காய் எடுப்பு மும்முரம். உன் தங்கச்சி காலையில் ஏலக்காய் தரம் பிரிக்கப் போனால் பொழுது சாயத்தான் வருகிறாள். ராசிங்காபுரத்து வீட்டில் நிற்கும் உன் பைக்கை நான்தான் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறேன். வாராவாரம் பெட்ரோல் குறைவதால் யாரோ எடுக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். "ஸ்டார்ட் பண்ணுனா குறையாம கூடுமா?" என்று கேட்கிறாள் செல்வி. அவள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனாலும் மூடியில் ஒரு நூலைச் சுற்றி வைத்திருக்கிறேன்.

இன்னொரு சேதி. சுரங்க வேலைக்கான புது டேக்குகள் வந்துவிட்டன. பெட்டியோடு என் மேசையில் இருக்கின்றன. "சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்" என்று நான் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பத்து நாளாகப் போடவில்லை.

பக்கத்தில் நின்று படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டும் இல்லையா, அதனால் நம் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மலைக்குள் தண்ணீர் கொண்டுபோக ஒரு கம்பெனி சுரங்கம் குடைகிறது. உள்ளே தீப்பிடித்தாலோ பாறை விழுந்தாலோ, கீழேயிருந்து ஆள் வந்து சேரும் வரை காத்திருக்க முடியாது. அதற்காகக் கம்பெனியே எட்டுப் பேரைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, மீட்புக் குழு என்று பெயர் வைத்தது. நீ இருபது வருஷம் ஏலக்காய் ஸ்டோரில் வெந்தவன். உலர்த்துகிற அறைக் கதவைத் திறக்காமலே, வெளியே நின்று மோந்து பார்த்து, காய் எப்போது பதமாகும் என்று சொல்வாய். நான் மெட்டுக்கு ஜீப்பு ஓட்டியவன். நீ முதலில் சேர்ந்து, பிறகு என்னையும் இழுத்து வந்தாய்.

டேக் என்பது தீப்பெட்டி அளவு இருக்கும். நெஞ்சில் மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். முன்பக்கம் ஒரு ரூபாய்க் காசை விடச் சின்னதாய் ஒரு வட்டமான வலை. அந்த வலை வழியாக அது மூச்சு விடும். தீக்குப் பிறகு சுரங்கத்தில் ஒரு விஷக்காற்று தங்கும், கார்பன் மோனாக்சைடு என்பார்கள். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. டேக் அதை மோந்து, சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் பெட்டிகளுக்கு வயர் இல்லாமல் சொல்லும். ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குச் சொல்லி, சேதி வாசலில் இருக்கும் பலகைக்கு வரும். பலகையில் ஆளுக்கொரு பெயர், பெயருக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு. நல்ல காற்று என்றால் பச்சை, கெட்ட காற்று என்றால் சிவப்பு. உள்ளே போனவர் அசையாமல் கிடந்தாலும் சிவப்புதான். அந்தப் பலகைக்கு முன்னால் உட்காருவது என் சோலி.

எனக்கு ஆரம்பத்திலிருந்தே அந்தச் சாமானைப் பிடிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத காற்றை மோந்து, கண்ணுக்குத் தெரியாத வழியில் சொல்லி அனுப்புகிறது என்றால் எதை வைத்து நம்புவது? நீதான் அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சினாய்.

"எம் மூக்குக்கு எட்டாதது இதுக்கு எட்டுது மாப்ளே. இது பெரிய புள்ளையில்ல?"

"புள்ளை பொய் சொல்லுச்சுன்னா?"

"நீ பெத்த தாய்கிட்டயே ஆதார் கார்டு கேக்குற ஆளு. ஒன்னையக் கொண்டுபோயிப் பலகை முன்னாடி உக்கார வச்சிருக்காக பாரு, அதான் சரியான எடம்."

அப்படிச் சொல்லிச் சிரித்தாய். அது சரியான இடமாக இருந்திருக்க வேண்டும், மச்சான்.

அந்த நாளை நான் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. போன வருஷம் ஆயுத பூஜை முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். காலை டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மண் அள்ளும் வண்டி ஒன்று உள்ளே எரிகிறது என்று சேதி வந்தது. நீயும் ஷாஜியும் முதல் ஜோடி. பூப்பாறைப் பக்கத்து ஷாஜியை உனக்கு நன்றாகத் தெரியும். படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், அந்த எட்டுப் பேரில் ஒரே மலையாளத்தான், சுரங்கத்துக்குள் தவசியின் ஜோடி. இருவரும் டேக்கை மாட்டினீர்கள், முகமூடி போட்டீர்கள், சிலிண்டரைத் திறந்தீர்கள். தண்ணீர் அடித்துத் தீயை அணைத்துவிட்டீர்கள்; மற்ற ஆறு பேரும் டேக்கை மாட்டிக்கொண்டு வாசலில் புகைக்குள் நின்றோம். வேலையாட்களும் வெளியே வந்துவிட்டார்கள். எண்ணிப் பார்த்தால் ஒருவர் குறைந்தார். வடக்கேயிருந்து வந்த ஒரு தொழிலாளி. அவரைத் தேடி நீங்கள் இன்னும் உள்ளே போனீர்கள்.

வாக்கிடாக்கியில் உன் குரல் வந்தது. முகமூடிக்குள்ளிருந்து பேசுவதால் பாதி வார்த்தை விழுங்கிப்போய் வந்தது.

"மாப்ளே, இதுக்குள்ள இருந்து கத்துனா அந்தாளுக்குக் கேக்காது. பலகையில எப்படி இருக்கு?"

"பச்சைதான் மச்சான். ரெண்டு பேருக்கும் பச்சை."

"ஒனக்குச் சந்தேகம் எதும் இல்லையே?"

"இல்ல."

வாழ்க்கையில் அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். நீ முகமூடியைத் தூக்கிவிட்டு அந்தத் தொழிலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. இரண்டு தடவை, மூன்று தடவை கூப்பிட்டாய். கொஞ்ச நேரத்தில் உன் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு எரிந்தது. அப்போதும் அது காற்றைப் பார்த்து எரியவில்லை. நீ அசையாததைப் பார்த்து எரிந்தது.

முகமூடியைக் கழற்றாத ஷாஜிதான் உன்னை வாசல் வரை இழுத்து வந்தான். தேடிய ஆள் முன்பே வெளியே வந்து, பயத்தில் எஸ்டேட் பாதையில் ஏறி உட்கார்ந்திருந்தார். உன் உயிரை எடுத்தது விஷக்காற்றுதான் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு நான் யாரைச் சந்தேகப்படவில்லை என்று கேள். அந்தத் தொழிலாளியைச் சந்தேகப்பட்டேன், வேண்டுமென்றே ஒளிந்திருப்பாரோ என்று. அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதபோது, செருப்பைக் கழற்றாமல் நிற்கிறாரே, ஓடத் தயாராக இருக்கிறாரோ என்றுகூடப் பார்த்தேன். ஷாஜியைச் சந்தேகப்பட்டேன். பலகையில் பச்சை என்று அவனுக்கும்தானே கேட்டது, அவன் மட்டும் ஏன் கழற்றவில்லை? அவனிடமே கேட்டுவிட்டேன்.

"கழட்டணும்னு தோணல பெருமாளே. அவ்வளதான். ஞான் என்ன பறயும்?" என்றான். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதம் தூங்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே கம்பெனியைச் சந்தேகப்பட்டேன். எட்டு டேக்கையும் உடனே பெட்டியில் போட்டு எடுத்துப் போனார்கள். கொஞ்ச நாளில் ரிப்போர்ட் வந்தது. எட்டும் நன்றாக வேலை செய்கின்றன, விஷக்காற்றைக் காட்டினால் உடனே சிவப்பு எரிகிறது என்று. அப்படியானால் அன்றைக்கு ஏன் எரியவில்லை? அதற்கு விசாரணைக் காகிதத்தில் ஒரு வரி எழுதினார்கள். இருவரும் டேக்கைக் கோட்டுக்கு உள்ளே போட்டிருக்கலாம்; இறந்தவர் விதியை மீறி முகமூடியைக் கழற்றினார்; இது அவரது கவனக்குறைவு.

நீயா, மச்சான்? சாப்பிடும்போதுகூட டேக்கில் குழம்பு பட்டுவிடும் என்று தள்ளி வைத்தவன் நீ.

ஷாஜியை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள். அவன் என் வீட்டுக்கு வந்து, கொடுத்த காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். "ஞான் கோட்டுக்கு மேலதான் இட்டது பெருமாளே. தவசியும் மேலதான். நீயாவது நம்பணும்," என்றான். நம்புகிறேன் என்று வாயால் சொன்னேன். மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

அப்புறம், இரண்டு வாரத்துக்கு முன், எனக்கு ஒரு சர்வீஸ் காகிதம் கிடைத்தது. டேக்குகளைச் சோதித்த இடத்தில் எழுதிய காகிதம். ரிப்போர்ட்டோடு சேர்ந்து தைத்திருந்தும் யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. அதில் சோதனைக்கு மேலே ஒரு வரி: முன்வலை அழுக்கு, எட்டும் மாற்றப்பட்டன.

மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்தேன். கெட்டுப்போன வலையைக் கழற்றிப் போட்டுவிட்டு, புது வலையோடு சோதித்து, நல்லாத்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். பழியை உன் தலையில் போட்டிருக்கிறார்கள். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டேக் விஷயத்தைப் பார்க்கும் இன்ஜினியர் பொண்ணிடம் போனேன். கோயம்புத்தூர்க்காரி, பெயர் நிவேதா, வயசு உன் மூத்த மகளை விட ரெண்டு மூணுதான் கூட இருக்கும். அவள் ஓடுவாள், மழுப்புவாள், மேலே கேளுங்கள் என்பாள் என்று எல்லாம் தயாராகப் போயிருந்தேன்.

"மாத்தினது உண்மைதாண்ணே. அழுக்கா இருந்தா மாத்திட்டுத்தான் டெஸ்ட் பண்ணணும்னு புத்தகத்துல இருக்கு. அது தப்புன்னு எனக்கும் தோணுச்சு. அழுக்கோட ஒருக்கா டெஸ்ட் பண்ணியிருக்கணும்," என்றாள். "பழைய வலைய நான் தூக்கிப் போடல. எடுத்துத்தான் வச்சிருக்கேன்."

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து என் முன்னால் வைத்தாள். எட்டு வட்ட வலைகள். புகைக் கரி படிந்திருந்தது. கரிக்குக் கீழே காய்ந்துபோன மஞ்சள் பூச்சு.

"டனல் மண்ணுன்னு நெனைக்கிறேண்ணே. கெட்டியா ஒட்டியிருந்துச்சு. உங்களுக்கு என்னன்னு தெரியுதா?"

ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினேன். கரி உதிர்ந்தது. மஞ்சளுக்கு நடுவில் கடுகளவு சிவப்பு. எதையும் மோந்து பார்த்துச் சொல்வது உன் பழக்கம், என் பழக்கம் இல்லை. அன்றைக்கு மோந்து பார்த்தேன். புகை வாடைக்கு அடியில் சந்தன வாசனை இருந்தது.

மச்சான், அது என் விரல்.

ஆயுத பூஜை அன்றைக்கு மீட்புக் குழு ஸ்டோர் ரூமில் பம்பு, ஹோஸ், கோடாலி, சிலிண்டர் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வைத்தோம். டேக்குகளை நீதான் வாழை இலையில் வரிசையாக அடுக்கினாய். சந்தனம் குழைத்தது நான். உதிரக் கூடாது என்று கெட்டியாகக் குழைத்தேன். பெரிய சாமானுக்கெல்லாம் எங்கே வேண்டுமானாலும் பொட்டு வைக்கலாம். தீப்பெட்டி அளவுச் சாமானில் எங்கே வைப்பது? நடுவில் வட்டமாக ஓர் இடம், பொட்டுக்கென்றே செய்தது போல இருந்தது. எட்டிலும் அங்கேயே வைத்தேன். மேலே குங்குமம். நம் ஆட்கள் யாரும் பூஜையில் வைத்த பொட்டைத் துடைக்க மாட்டார்கள், தானாக உதிரும் வரை விடுவார்கள். டேக்குகளைப் பெட்டியில் போட்டு மூடினோம். அடுத்துத் திறந்தது தீப்பிடித்த அன்றைக்குத்தான்.

பொட்டு வைக்கும்போது நீ பக்கத்தில் நின்று, "புள்ளைக்கு நெத்தியில வையி மாப்ளே," என்று சொன்னதாக எனக்கு ஒரு ஞாபகம். இது உண்மையா? இல்லை, பழியில் பாதியை உன் தலையில் கட்ட நானாக இட்டுக்கட்டியதா? நீதான் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் நான் ரொம்பச் சந்தேகப்படுவது என் ஞாபகத்தைத்தான்.

"என்னண்ணே, தெரியுதா?" என்று நிவேதா திரும்பக் கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. மண்ணுதான்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் ஆயிற்று. இரண்டு வாரமாக எனக்கு நானே வக்கீல் வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். மாதாமாதம் சின்னப் பாட்டிலில் இருந்து சோதனைக் காற்றை ஊதிப் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தப் பாட்டில் தீர்ந்து, புதுசு கேட்டும் கம்பெனி அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் பூஜை முடிந்த மறுவாரமே தெரிந்திருக்கும். வலையில் எதுவும் படக் கூடாது என்று பயிற்சியில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இதெல்லாம் உண்மை. இதையும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் இதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன் பார், அதற்கு வெட்கப்படுகிறேன். யார் கையில் தப்பு என்று ஒரு வருஷம் ஊரெல்லாம் தேடினேன். என் கையை மட்டும் பார்க்கவில்லை.

முந்தாநாள் எங்கள் ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொள்பவர் போன் பண்ணினார். "அண்ணே, பூஜை வருது. புது டேக்குக்கெல்லாம் போன வருசம் மாதிரி நீங்களே சந்தனம் கொழச்சிருங்க. ஒங்க கைதான் ராசி," என்றார். போனை வைத்துவிட்டேன். நான் பேசாமல் இருந்தால் இந்த வருஷமும் எட்டுப் பேர் நெஞ்சில் அது ஏறும். யாரோ ஒருத்தர் பலகையைப் பார்த்துப் பச்சை என்பார்.

செல்வியிடம் நேற்று மத்தியானம் சொன்னேன். மழைக்கு நேற்று மட்டும் வேலை இல்லை என்று வீட்டில் இருந்தாள். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சொன்னேன். அவள் அழவில்லை. என் வலது கையை எடுத்து, பொட்டு வைத்த மோதிர விரலை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஒரு வருசமா ஊரு ஒலகத்தையெல்லாம் சந்தேகப்பட்டீகளே. அந்த ஷாஜி அண்ணன் வாசல்ல வந்து நின்னப்ப அவர் மூஞ்சியக்கூட நேராப் பாக்கலையே."

விரலை விடாமலே கேட்டாள்:

"தெரிஞ்சு வச்சீகளா?"

"இல்ல."

"அப்பத் தெரியாது. இந்த ரெண்டு வாரம்?"

கையை இழுத்துக்கொண்டேன், மச்சான்.

பிறகு, "எங்கண்ணன் கவனமில்லாமச் செத்தான்னு ஒரு காயிதத்துல இருக்கு. அது இருக்கக் கூடாது," என்றாள். "கம்பெனி விசாரணையில போயிச் சொன்னா அவுக ஒரு மூலையில எழுதி மூடி வச்சிருவாக. ஊருக்கே தெரியிற மாதிரி எழுதுங்க. எழுதிட்டுச் சாப்பிட வாங்க."

அதனால்தான் நேற்றே இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். அவள் என்னை மன்னித்தாளா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சோறு போட்டாள். எதிரில் உட்காரவில்லை.

இன்று காலை பூப்பாறைக்குப் பஸ் ஏறினேன். ஷாஜி மழை விட்ட நேரம் பார்த்துத் தோட்டத்தில் மருந்து அடித்துக்கொண்டிருந்தான். சொன்னேன். அவன் மருந்து டப்பாவை முதுகிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "அப்போ ஞான் பறஞ்சது சத்தியம்னு இப்பவாவது நம்பியோ?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். நாளை விசாரணை செய்தவர்களைப் பார்க்க அவனும் என்னோடு வருகிறான். நிவேதாவுக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். அந்தக் கவரை அவளே கொண்டுவருகிறேன் என்றாள். வழக்கம்போல, கொண்டுவருவாளா என்று ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன். பிறகு அந்தச் சந்தேகத்தை நானே அடக்கிக்கொண்டேன்.

மச்சான், நாளை எல்லோர் முன்னாலும் நின்று இதைச் சொல்வேன். தவசி டேக்கைக் கோட்டுக்கு மேலேதான் போட்டிருந்தான், முகமூடியைக் கழற்றுவதற்கு முன் என்னிடம் கேட்டான், பச்சைதான் என்று சொன்னது நான், அந்தப் பச்சையை அப்படியே நிற்க வைத்ததும் நான். உன் பெயருக்கு எதிரே இருக்கும் அந்த வரியை அடித்து என் பெயரை எழுதும் வரை அங்கிருந்து நகர மாட்டேன். புது டேக்குகளின் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவேன். சோதனைப் பாட்டில் வந்த பிறகு, எட்டையும் ஊதிப் பார்த்து, எட்டும் சிவப்பு எரிந்த பிறகு போடுவேன். இந்த வருஷமும் சந்தனம் நான்தான் குழைப்பேன். பெட்டி மூடியில் ஒரே ஒரு பொட்டு வைப்பேன்.

இனி என்றைக்காவது உள்ளேயிருந்து ஒருவர் "பச்சையா?" என்று கேட்டால், வாயைத் திறப்பதற்கு முன்னால் என் விரலைப் பார்ப்பேன். இது உனக்குச் செய்து தரும் சத்தியம்.

கடைசியாக நீ கேட்ட கேள்விக்கு இப்போதுதான் எனக்குப் பதில் தெரிகிறது. சந்தேகம் இருக்கிறது மச்சான். முகமூடியைக் கழற்றாதே. வெளியே வா.

உன் தங்கச்சியைக் கட்டியவன்,
நீ கேட்டபோது பலகை முன்னால் உட்கார்ந்திருந்த உன் மாப்ளே,
பெருமாள்